ஹபிபுல்லா அணைக்காத நெருப்பு

லெப்பைக்குடிகாட்டில் ஹபிபுல்லா வீடு எது என்று கேட்டால், எந்த ஹபிபுல்லா என்று திருப்பிக் கேட்பார்கள். ஃபயர் ஆபீசர் ஹபிபுல்லா என்று சொல்லிவிட்டால் போதும், கேட்டவரைக் கையோடு கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று இருக்கும். சிவப்பு அங்கி, மஞ்சள் ஹெல்மெட், கையில் தீயணைப்பு சிலிண்டர், பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு எண்ணெய்த் தொட்டிகள். நடுவில் ஹபிபுல்லா, சிரிக்காமல்.

அவர் ஃபயர் ஆபீசர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லவில்லை.

சவூதியில் ஓர் எண்ணெய் ஆலையில் அவர் பார்த்த வேலைக்கு ஃபயர் வாட்ச் என்று பெயர். வெல்டர் குழாயைப் பற்றவைப்பான், பொறி பறக்கும். பொறி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டு, பக்கத்தில் சிலிண்டரோடு ஓர் ஆள் இருக்க வேண்டும். எங்கேயாவது பற்றிக்கொண்டால் அணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ஆலையில் வெல்டர் வருவதற்கு முன்பே எண்ணெய்த் துணி, அட்டை, மரத்துண்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவார்கள். கீழே நனைத்த போர்வையை விரிப்பார்கள். காற்றில் வாயு கலந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். நான்கு பேர் கையெழுத்துப் போட்ட பெர்மிட் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் பற்றவைக்கவே விடுவார்கள். அப்புறம் எங்கிருந்து நெருப்பு வரும்? பன்னிரண்டு வருஷத்தில் ஹபிபுல்லாவுக்கு அணைப்பதற்கென்று ஒரு பீடித்துண்டுகூட வாய்க்கவில்லை. சிலிண்டரின் தலையில் செருகியிருக்கும் பின்னை அவர் ஒருநாளும் பிடுங்கியதில்லை.

பயிற்சி கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுத்தார்கள். முப்பது பேருக்கு ஒரு சிலிண்டர். முன்வரிசையில் நின்ற மலையாளி ஒருவன் நெருப்பை அணைத்தான். மற்ற இருபத்தொன்பது பேரும் கற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஹபிபுல்லா நின்றது கடைசி வரிசை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மலையாளியின் முதுகுதான்.

ஆபீசர் பதவியை அவருக்குக் கொடுத்தது தெருதான். போன புதிதில் அவர் அனுப்பிய அந்தப் படத்தை மனைவி ஜைனம்பு பெரம்பலூர் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டுவந்தாள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம், ஃபயரில் இருக்கிறார்கள் என்றாள். அடுத்த வீட்டில் அது ஃபயர் ஆபீஸ் ஆனது. தெருமுனைக்குப் போவதற்குள் ஆபீசர் ஆகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ஹபிபுல்லா லீவில் வந்து இறங்கியபோது, பள்ளிவாசலில் நாலு பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அறுபது நாள் லீவில் அறுபது 'நாளைக்கு' வந்து போயின. பொய் என்று அவர் ஒன்றும் சொல்லவில்லைதான். மெய்யையும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஜைனம்புதான். அவளுக்கு அந்தப் பதவி அவரைவிட நன்றாகப் பொருந்தியிருந்தது. கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தம்பி மனைவி புது நெக்லஸைக் காட்டினால், "எங்க ஆகிபு அத்தாவுக்கு நகை நட்டுல பிரியம் இல்லம்மா. ஆபீசர் உத்தியோகம், பொறுப்பு ஜாஸ்தி" என்று மகன் பெயரைச் சொல்லி அவரை உயர்த்திப் பேசி, அந்த நெக்லஸைக் கவரிங் ஆக்கிவிடுவாள். அவள் முகத்தில் அப்போது வரும் வெளிச்சத்தை ஹபிபுல்லா பார்த்திருக்கிறார். அதை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். ஆள் வந்துவிட்டாரே தவிர கண் இன்னும் வேலையை விடவில்லை. விருந்து வீட்டில் எல்லோரும் பந்திக்குப் போனால் இவர் பிரியாணி அடுப்புப் பக்கம் போய் நின்று நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். பசி தாங்கவில்லை போலிருக்கிறது என்று சமையல் பண்டாரி முதல் தட்டை அவருக்கே நீட்டுவார். டீக்கடையில் உட்கார்ந்தால் கேஸ் அடுப்பின் குழாயைக் குனிந்து பார்ப்பார். சொந்த வீட்டில் கொசுவத்திச் சுருளைத் தட்டில் வைத்து, தட்டைத் தண்ணீரில் வைத்து, தண்ணீரை நடு அறையில் வைத்தார். விடிகாலையில் எழுந்த ஜைனம்பு அதில்தான் கால் வைத்தாள். ஆபீசர் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள்.

அடுத்த வருஷம் ஜைனம்புவின் தம்பி தௌஃபீக் பெரம்பலூரில் மூன்று மாடி ஜவுளிக்கடை கட்டி முடித்தான். துபாய்க்கே போகாமல் துபாயிலிருந்து வந்தவன் மாதிரி செண்ட் அடித்துக்கொண்டு திரிகிற ஆள். அந்த வருஷம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. ஜவுளிக்காரனுக்கு இப்படி ஒரு வருஷம் ஆயுசில் எத்தனை தடவை வரும்? அக்டோபர் முதல் தேதி வெள்ளிக்கிழமை கடைத் திறப்பு என்று நோட்டீஸ் அடித்துவிட்டான். ஆனால் அதே வருஷம் தமிழ்நாட்டில் நெருப்பு கொண்டுபோன உயிர்களை நினைத்து ஊரே கலங்கியிருந்தது. தீயணைப்புத் துறையின் சான்று இல்லாமல் எந்தக் கடையும் திறக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

பார்வையிட வந்தவர் இராமலிங்கம். ஒல்லியான அதிகாரி. பேசுவதைவிட எண்ணுவது அதிகம். படியை எண்ணினார், ஜன்னலை எண்ணினார், சுவிட்சை எண்ணினார்.

"ரெண்டாவதா ஒரு மாடிப்படி இருக்கணுமே, எங்க?" என்றார்.

"அதாங்க சார் குடோன்" என்றான் தௌஃபீக். கதவைத் திறந்தால் படி முழுக்கச் சேலை பண்டல் அடுக்கியிருந்தது.

"பின்கதவுச் சாவி?"

தௌஃபீக் இடுப்பைத் தட்டிக் காட்டினான். "எங்கிட்டதான் சார். பத்திரமா இருக்கு."

"நீங்க வெளியூரு போயிருந்தா?"

"அன்னைக்கிப் பூட்டியே இருக்கும் சார், பயமே இல்ல."

இராமலிங்கம் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே போனார். இரண்டாவது பக்கம் திருப்பியதும் தௌஃபீக்குக்கு வேர்த்துவிட்டது. சுவிட்சுப் பலகை பக்கத்தில் நின்று, தொங்கிக்கொண்டிருந்த ஓர் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்த ஹபிபுல்லாவை இழுத்து முன்னால் நிறுத்தினான்.

"சார், எங்க மச்சான். சவூதியில ஃபயர் ஆபீசரு. பன்னெண்டு வருஷம் சர்வீசு."

இராமலிங்கம் பேனாவை மூடினார். முகம் மலர்ந்துவிட்டது. ஹபிபுல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆயில் கம்பெனியா? பெரிய பெரிய ஃபயரெல்லாம் பாத்திருப்பீங்களே?"

"அங்க ரொம்பப் பெருசாவ விடமாட்டாங்க சார்" என்றார் ஹபிபுல்லா. அது உண்மைதான்.

"நுரை அடிப்பீங்களா, பவுடரா?"

"எங்கிட்ட இருந்தது பவுடர் சிலிண்டர் சார்." அதுவும் உண்மைதான்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. இதெல்லாம் சரி பண்ணி வைங்க. செவ்வாக்கெழமை, இருவத்தெட்டாந்தேதி வரேன். கடைப் பொண்ணுங்களுக்கு நீங்களே ட்ரெயினிங் குடுங்க. அன்னைக்கிப் பின்னாடி முற்றத்துல ஒரு சின்ன நெருப்பு வச்சு நீங்களே அணைச்சுக் காட்டுங்க. எங்க பசங்க நாலு பேரையும் கூட்டிட்டு வரேன். ஃபாரின் முறை எப்படின்னு அவனுங்களும் பாக்கட்டும்."

தௌஃபீக் சிரித்தான். இராமலிங்கம் சிரித்தார். ஹபிபுல்லா, படத்தில் இருப்பது போலவே, சிரிக்கவில்லை.

நெருப்பை அணைக்கத் தெரியவில்லை என்றால் சான்று இல்லை, சான்று இல்லை என்றால் கடை இல்லை, பெருநாள் வியாபாரம் போச்சு. அதுகூடப் பரவாயில்லை, தௌஃபீக் எப்படியும் பிழைத்துக்கொள்வான். ஜைனம்பு? அவள் எந்த முகத்தோடு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போவாள்? அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய வேலை தலையில் விழுந்துவிட்டது பாவம் என்று அவள் கூடுதலாக ஒரு முட்டை பொரித்து வைத்தாள்.

மறுநாளே வேலையில் இறங்கினார். இதில் ஓர் அதிசயம் என்னவென்றால், அணைப்பதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. படிக்கட்டிலிருந்து பண்டல்கள் இறங்கின. தொங்கிய ஒயர் குழாய்க்குள் போனது. பின்கதவின் பூட்டு போய், உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் வந்தது. சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பித் தொங்கவிட்டார். வெளியே போகும் வழி நெடுகத் தரையில் மஞ்சள் கோடு அடித்து, கோட்டுக்குள் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது என்றார். தௌஃபீக் காலையில் கோட்டுக்குள் நைட்டி ஸ்டாண்டைக் கொண்டுவந்து வைப்பான். ஹபிபுல்லா மத்தியானம் தூக்கி வெளியே வைப்பார். சாயங்காலம் அது மறுபடியும் கோட்டுக்குள் இருக்கும்.

"மச்சான், இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கி மட்டும் எடுத்துருவோமே" என்றான் தௌஃபீக்.

"நெருப்பு அன்னைக்கி மட்டுந்தான் வரும்னு எழுதிக் குடு மாப்ள, வச்சுக்க" என்றார்.

திறப்புக்கு முன்பே சரக்கு அடுக்கப் பதினாறு பெண்களை எடுத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் வேணி. வேறு ஜவுளிக்கடைகளில் எட்டு வருஷம் சேலை விரித்துக் காட்டியவள், வாயும் கொஞ்சம் நீளம். மூன்றாவது மாடியிலிருந்து எல்லோரும் வெளியே வர முதல் நாள் நாலு நிமிஷம் ஆனது. ஒருத்தி செருப்பைத் தேடினாள், ஒருத்தி டிபன் பாக்ஸுக்குத் திரும்பிப் போனாள். ஹபிபுல்லா திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார். பத்தாவது தடவை வேணி படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சார், நாள் பூரா நின்ன காலு. நெருப்புல சாவறதுக்கு முன்னாடி படியிலயே செத்துருவோம் போலருக்கு."

இருந்தாலும் ஒன்றரை நிமிஷத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். சிலிண்டர் பாடம் எப்போது என்று பெண்கள் கேட்டால் மட்டும், "அது கடைசிப் பாடம்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் நடந்துவிடுவார்.

கடைசி வாரத்தில் யாரிடமும் சொல்லாமல் அரியலூர் பஸ் ஏறினார். ரெட்டிபாளையம் போகிற சாலையில், சிமெண்ட் ஆலைகளின் சிலிண்டர்களுக்குப் பவுடர் நிரப்பித் தருகிற அரியமுத்து என்பவர் கடை வைத்திருந்தார். உடம்பெல்லாம் பவுடர் படிந்து, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தார். சும்மா ஒரு சந்தேகம் கேட்க வந்தேன் என்று ஆரம்பித்த ஹபிபுல்லா, அவர் கொடுத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் முழுவதையும் கொட்டிவிட்டார். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லுவது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அரியமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாய், நான் இருவது வருஷமா பவுடர் நெரப்பறேன். ஒரு நெருப்ப அணைச்சவன் இல்ல. எங்கிட்ட வந்து கேக்கறீங்களே!"

"அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

"மொறை தெரியும். பின்னப் புடுங்கு, குழாய நெருப்போட அடியில காட்டு, கைப்புடிய அமுக்கு, இப்புடியும் அப்புடியும் வீசு. எல்லாம் சிலிண்டர் மேலயே எழுதியிருக்கு. நான்தான் அந்த ஸ்டிக்கர ஒட்டறேன்."

காலி சிலிண்டர் ஒன்றைக் கொடுத்தார். ஹபிபுல்லா சுவரைப் பார்த்து முப்பது தடவை பின்னைப் பிடுங்கி, முப்பது தடவை அமுக்கி, முப்பது தடவை வீசினார். சாலையில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பவுடர் உள்ளே இருந்தால் கை உதறும், அது ஒன்றுதான் வித்தியாசம் என்று அரியமுத்து தைரியம் சொல்லி அனுப்பினார்.

வீடு திரும்பியபோது ஜைனம்பு வாசலிலேயே நின்றிருந்தாள். அரியலூரில் அவரைப் பார்த்த யாரோ போன் செய்துவிட்டார்கள். "சிமெண்ட் ஃபேக்டரிக்காரவங்க யோசனை கேட்டுக் கூப்பிட்டாங்களாமே, எங்கிட்டகூடச் சொல்லலையே நீங்க?" என்று பெருமையாகக் கோபித்துக்கொண்டாள். தெருவுக்கு அந்தச் செய்தி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தது. லெப்பைக்குடிகாட்டிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஜைனம்பு, தம்பி மனைவி, பெரியம்மா, சின்னம்மா என்று பதினாலு பேர் இறங்கினார்கள். தின்பதற்கு முறுக்கும் உட்காருவதற்குப் பாயும் கொண்டுவந்திருந்தார்கள். ஹபிபுல்லா சிலிண்டர் மேலிருந்த ஸ்டிக்கரை இன்னொரு தடவை படித்தார்.

அன்று காலை ஏழு மணிக்கே வந்து அவர் பின்முற்றத்தைப் பெருக்கியிருந்தார். அட்டைப்பெட்டி, சணல், காய்ந்த இலை ஒன்றையும் விடவில்லை. சுற்றிலும் தண்ணீர் தெளித்தார். நெருப்பு வைக்கப் போகிற பாதி டிரம்மைச் சுற்றி நனைத்த கோணியை விரித்தார். யாரும் சொல்லி இதையெல்லாம் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

இராமலிங்கம் கடை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். படியை எண்ணினார், பின்கதவைத் தள்ளிப் பார்த்தார், மஞ்சள் கோட்டின் மேல் நடந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு எல்லோரும் பின்முற்றத்தில் கூடினார்கள். பதினாறு பெண்கள் ஒரு பக்கம், நாலு தீயணைப்பு வீரர்கள் ஒரு பக்கம், வேன் கூட்டம் ஒரு பக்கம். வெள்ளைச் சட்டையில் தௌஃபீக் நடுவில் நின்று எல்லோரையும் வரவேற்றான். வீரர்களில் ஒருவர் டிரம்மில் பழந்துணியைப் போட்டு டீசல் ஊற்றினார். இராமலிங்கம் தீக்குச்சியைக் கிழித்தார்.

ஹபிபுல்லா ஒரே எட்டில் போய் ஊதி அணைத்துவிட்டார்.

"பெர்மிட் எங்க?" என்றார். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "பெர்மிட் இல்லாம இங்க நெருப்பு வைக்கக் கூடாது."

கூட்டம் திகைத்தது. இராமலிங்கமும் ஒரு கணம் திகைத்தார். "சார், அந்தப் பெர்மிட்டக் குடுக்கறதே நாந்தாங்க."

"அப்ப எழுதிக் குடுங்க. டீசல் கேன் இங்கயே நிக்கிது, அத எடுக்கணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தீங்களா? எரியிற துணி பறந்தா அந்தப் பக்கம் பொம்பளையாளுங்க நிக்கிறாங்க."

வேன் கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "மாஷா அல்லாஹ், எப்புடி அதட்டறாரு பாரு" என்றாள். ஜைனம்பு முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

இராமலிங்கம் மட்டும் அவரை உற்றுப் பார்த்தார். கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "என் மச்சினன் கத்தார்ல ஃபயர் வாட்ச்சா இருக்கான். லீவுல வந்தா இதே மாதிரிதான், வூட்டுல அடுப்பு பத்தவைக்கக்கூட விடமாட்டான். நீங்களும் ஃபயர் வாட்ச்சா இருந்தீங்களா?"

ஹபிபுல்லா ஆமாம் என்று தலையசைத்தார்.

"அணைச்சிருக்கீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"சரி விடுங்க. எங்க பையன் அணைச்சுருவான். நீங்க பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி நில்லுங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

நல்ல மனுஷன். இப்படி ஒரு வழி கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஹபிபுல்லாவும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் நின்ற பெண்களைப் பார்த்துத் தொலைத்தார். வேணி சின்னப் பெண் ஒருத்தியிடம், "பயப்படாத புள்ள, எதுனாலும் சார் இருக்காருல்ல, அணைச்சுருவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அவரைக் குத்திவிட்டது. நாளைக்கு மூன்றாவது மாடியில் புகை வந்தால் இந்தப் பதினாறு பேரும் படியைப் பார்க்க மாட்டார்கள். சார் வந்து அணைப்பார் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"நான் ஆபீசர் இல்ல" என்றார் உரக்க.

முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றது.

"நான் வெறும் ஃபயர் வாட்ச்சு. வெல்டரு பக்கத்துல சிலிண்டர வச்சுக்கிட்டு நிக்கிற ஆளு. பன்னெண்டு வருஷத்துல ஒரு நெருப்பையும் அணைச்சதில்ல. அங்க ஒரு நாளும் பின்னக்கூடப் புடுங்குனதில்ல. வேணி, நல்லாக் கேட்டுக்க. பொகையப் பாத்தா என்னயத் தேடாதீங்க. படியத் தேடுங்க."

தம்பி மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப ஆபீசர் இல்லையா?" என்றாள். அதில் பத்து வருஷத்து நெக்லஸ் பாக்கி எல்லாம் இருந்தது. தௌஃபீக் தலையில் கையை வைத்துக்கொண்டான். "மச்சான், சர்ட்டிபிகேட் வாங்குன பொறவு சொல்லியிருக்கக் கூடாதா?"

ஹபிபுல்லா ஜைனம்பு பக்கம் திரும்பவே இல்லை.

"சரிங்க" என்றார் இராமலிங்கம். கடைப் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, 'நெருப்பு வைக்க அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினார். "பெர்மிட்டு. கேன எடுத்தாச்சு, பொம்பளையாளுங்க தள்ளிப் போயாச்சு. இப்ப நான் பத்தவைக்கிறேன், நீங்களே அணைங்க."

டிரம்மில் நெருப்பு எழுந்தது. ஹபிபுல்லா பின்னைப் பிடுங்கினார். அரியமுத்துவின் காலி சிலிண்டரில் வந்ததைவிட லேசாக வந்துவிட்டதால் இரண்டடி பின்னால் போனார். குழாயைச் சரியாகப் பிடிப்பதற்குள் கைப்பிடியை அமுக்கிவிட்டார். முதல் பீச்சு முழுக்கத் தௌஃபீக்கின் மேல் போனது. கூட்டம் கூச்சலிட்டது. "அடியில சார், அடியில!" என்று கத்தினாள் வேணி. ஹபிபுல்லா ஓர் எட்டு முன்னால் வைத்தார். குழாயைத் தாழ்த்தி, இப்படியும் அப்படியும் வீசினார். வெள்ளைப் புகை எழுந்து அடங்கியபோது டிரம்மில் கரித்துணி மட்டும் கிடந்தது.

"பதினோரு செகண்டு" என்றார் இராமலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்து.

"இவ்வளவுதானா சார்?" என்றார் ஹபிபுல்லா.

"இவ்வளவுதாங்க." அதிகாரி தௌஃபீக்கிடம் திரும்பினார். முகத்தில் கண் மட்டும்தான் தௌஃபீக்காக இருந்தது. "கடை எல்லாம் சுத்தமா இருக்கு. வியாழக்கெழம ஆளனுப்பி சர்ட்டிபிகேட் வாங்கிக்குங்க. உங்களுக்கு ஆபீசர் தேவையில்ல. இவரு போதும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜைனம்பு வந்தாள். ஹபிபுல்லா காலி சிலிண்டரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த வெல்டரு உக்காந்து வேல பாப்பானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நீங்க?"

"நிக்கணும். உக்காந்தா ஒரு நாள் சம்பளம் போயிரும்."

"எத்தினி மணி நேரம்?"

"பத்து. சில நாளு பன்னெண்டு."

"அந்த வெயில்லயா?"

அவர் சிலிண்டரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஜைனம்பு அவர் காலைப் பார்த்தாள். "ஏசி ரூம்ல மேசை போட்டு உக்காந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். போன்ல கால் வலிக்கிதுன்னு சொல்றப்பல்லாம், உக்காந்தே கெடந்தா மரத்துத்தான் போவும், எந்திரிச்சுக் கொஞ்ச நேரம் நில்லுங்கன்னு சொன்னேனே ஆகிபு அத்தா. ஒவ்வொரு தடவையும் சரி சரின்னீங்களே."

அவள் அழுதாள். கோபமும் இருந்தது, அதைப் பிறகு வீட்டில் பார்த்துக்கொள்வாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேணியிடம் திரும்பினாள்.

"ஒரு நாற்காலி எடுத்துட்டு வா புள்ள."

வேணி தயங்கினாள். "இங்க வேல பாக்கறவங்களுக்கு நாற்காலி கெடையாதுங்கம்மா. உக்காரக் கூடாது. மொதலாளி சீட்டு ஒண்ணுதான் இருக்கு."

ஜைனம்பு தம்பியைப் பார்த்தாள். பவுடருக்குள்ளிருந்து அவன் கண்ணைச் சிமிட்டினான்.

"அதையே எடுத்துட்டு வா."

இரண்டு பெண்கள் உள்ளே போய், பாலிதீன் உறைகூடப் பிரிக்காத சுழல் நாற்காலியைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டார்கள். ஹபிபுல்லா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். ஜைனம்பு அவர் கையிலிருந்த சிலிண்டரை வாங்கிக் கீழே வைத்தாள். வேணியின் காலைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளின் காலைப் பார்த்தாள். வரிசை முடியும்வரை பார்த்துக்கொண்டே போனாள்.

"தௌஃபீக்கு, இன்னும் பதினாறு வாங்கணும்டா."

"அக்கா, கடைக்குள்ள அத்தினி நாற்காலி போட்டா வழிய அடைச்சிரும்க்கா" என்றான் தௌஃபீக் அவசரமாக.

"அடைக்காது மாப்ள" என்றார் ஹபிபுல்லா, உட்கார்ந்தபடியே. "எங்கெங்க போடலாம்னு நான் அளந்து சொல்றேன்."